நாக்கை வெட்டினால் பேச்சே போய்விடுமா?



பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி இந்தப் பகுதிக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடத்திற்கு மேல் பால்மரம் வெட்டியவர். நாக்கின் ஓரத்தில் புண் வந்து, ஆறு மாதம் மஞ்சளும் தேனும் தடவிப் பார்த்து, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். நாக்கில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் உடம்பின் வேறு பகுதியிலிருந்து சதையை எடுத்து வைத்து நாக்கு மாதிரி தைத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தேதியும் கொடுத்தாகிவிட்டது.

ஆனால் அந்த அம்மா ஒரே பிடியாக நிற்கிறாராம். "நாக்கை அறுத்துப் போட்டுட்டு ஊமையா உக்காந்திருக்கவா? இருக்கிற வரைக்கும் பேசிட்டுப் போறேன், விடுங்கடி!" என்கிறாராம். சகோதரி கேட்கிறார்: "மார்புச் சதையை எடுத்து வாயில வச்சா அது நாக்காயிடுமா? அம்மா பேசுவாங்களா? சோறு சாப்பிடுவாங்களா? இல்லே, அவங்க சொல்றதுதான் சரியா?"

நியாயமான கேள்வி. இதே பயத்தில் தேதியைத் தள்ளிப் போட்டு, அங்கே இங்கே மருந்து தேடி, கடைசியில் ஆப்பரேஷனே செய்ய முடியாத நிலையில் வந்து சேர்கிறவர்கள் உண்டு. ஆகவே இந்த முறை இதைப் பற்றியே விளக்கமாகப் பார்ப்போம். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நல்லதை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்றுவதில் யாருக்கும் லாபமில்லை.

நாக்கு என்ன வேலை செய்கிறது?

நாக்கு என்பது முழுக்க முழுக்க தசை. அதற்குள் எலும்பு கிடையாது. நாக்குக்குள்ளேயே ஓடும் தசைகள் நான்கு ஜோடி. வெளியிலிருந்து வந்து நாக்கைப் பிடித்து இழுக்கும் தசைகள் நான்கு ஜோடி. இந்த எட்டு ஜோடியும் சேர்ந்துதான் நாக்கை நீட்டுகின்றன, மடக்குகின்றன, சுருட்டுகின்றன. இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆட்டி வைப்பது மூளையிலிருந்து வருகிற ஒரு ஜோடி நரம்பு. வலது பக்கத்துக்கு ஒன்று, இடது பக்கத்துக்கு ஒன்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து நரம்பு போனாலும் மறு பக்கத்து நரம்பு வேலை செய்யும். பாதி நாக்கு எடுத்தவர்கள் பேசுவதற்கு இதுதான் காரணம்.

நாம் நாக்கைப் பேசுவதற்கும் ருசி பார்ப்பதற்கும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. மென்ற சோற்றை உருட்டி, அண்ணத்தில் வைத்து அழுத்தி, பின்னால் தொண்டைக்குள் தள்ளுவது நாக்குதான். அது சரியாகத் தள்ளாவிட்டால் சோறு வாயிலேயே தங்கும். அல்லது உணவுக் குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக் குழாய்க்குள் இறங்கும்.

ஆகவே புது நாக்கு தைக்கிற டாக்டர்கள் முக்கியமாகப் பார்ப்பது மூன்று: மூச்சுக் குழாய்க்குப் பாதுகாப்பு, விழுங்குதல், பேச்சு.

ஏன் வெட்டித்தான் ஆக வேண்டும்?

"மருந்து மாத்திரையில் கரைக்க முடியாதா?" என்று கேட்பார்கள். நாக்கின் முன்பகுதியில் வரும் புற்றுக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் அறுவைதான். கண்ணுக்குத் தெரிகிற கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. அதைச் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நல்ல சதையையும் சேர்த்து எடுக்க வேண்டும். லாலான் புல்லை மேலாக வெட்டி விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? ஒரு கிழங்கு மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைக்கும். இதுவும் அப்படித்தான்.

நாக்கில் வந்த புற்று முதலில் பரவுகிற இடம் கழுத்து நெறிகள். அதனால் பெரும்பாலும் கழுத்தையும் திறந்து, அந்த நெறிகளையும் எடுப்பார்கள். பிறகு எடுத்ததையெல்லாம் சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் கதிரியக்கச் சிகிச்சை கொடுப்பார்கள். அது வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் வரை நடக்கும். ஆப்பரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது. பழுதான பற்கள் இருந்தால் அதற்கு முன்பே பிடுங்கிவிடுவார்கள். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறுவது கஷ்டம்.

சதையை எங்கிருந்து எடுக்கிறார்கள்?

எவ்வளவு நாக்கு போகிறது என்பதைப் பொறுத்து வேலையும் மாறும்.

சின்னப் புண்ணாக இருந்து கொஞ்சம் மட்டும் எடுத்தால், இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டாலே போதும். வேறு சதை தேவையில்லை. சில நாள் வலி, கொஞ்ச நாள் குழறல், பிறகு பழைய பேச்சு. ஆரம்பத்திலேயே வந்தவர்களுக்குக் கிடைக்கிற பெரிய லாபம் இது.

பாதி நாக்கு போனால் அப்படித் தைக்க முடியாது. மிச்சமுள்ள பாதியை இழுத்து வாயின் அடியில் தைத்தால் அதுவும் அசைய முடியாமல் மாட்டிக்கொள்ளும். இங்கே தேவைப்படுவது மெல்லிய, வளைந்து கொடுக்கும் தோல். அதற்குப் பெரும்பாலும் முன்கையின் உட்பக்கத்துத் தோலை, அதன் அடியில் ஓடும் ரத்தக் குழாயோடு சேர்த்து எடுக்கிறார்கள். சீனாவில் ஷென்யாங் நகரில் யாங் குவோஃபான் என்ற டாக்டரும் அவருடைய குழுவும் 1978-இல் தொடங்கி, 1981-இல் உலகத்துக்கு எழுதிச் சொன்ன முறை இது. அதனால் இதைச் 'சீன மடல்' என்றே பல நாட்டு டாக்டர்கள் அழைத்தார்கள். கை வெட்டிய இடத்தில் தொடைத் தோலை மெல்லிசாகச் சீவி எடுத்து ஒட்டிவிடுவார்கள்.

நாக்கு முழுவதும், அல்லது பெரும்பகுதி போனால், மெல்லிய தோல் உதவாது. வாயில் பெரிய பள்ளம் விழும். பள்ளத்தை நிரப்பிக் குன்று போல மேலெழுந்து அண்ணத்தைத் தொடுகிற அளவுக்குப் பருமன் வேண்டும். அங்கேதான் தசை தேவைப்படுகிறது. மார்புத் தசை, தொடையின் வெளிப்பக்கத்துச் சதை, வயிற்றுத் தசை, முதுகுத் தசை ஆகியவற்றில் ஒன்றை, மேலே உள்ள தோலோடு சேர்த்து எடுப்பார்கள்.

பதியம் போடுவதும் பிடுங்கி நடுவதும்

இப்படி எடுக்கிற சதையை டாக்டர்கள் 'பிளாப்' என்கிறார்கள். நாம் சதை மடல் என்று வைத்துக்கொள்வோம். இது இரண்டு விதம். தோட்டம் துரவு தெரிந்த உங்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

முதல் விதம், பதியம் போடுவது மாதிரி. மல்லிகைக் கொடியைத் தாய்ச் செடியிலிருந்து அறுக்காமல், அப்படியே வளைத்துப் பக்கத்து மண்ணில் பதிக்கிறோம் அல்லவா? தாய்ச் செடியிலிருந்து அதற்குச் சாறு போய்க்கொண்டே இருக்கும். மார்புத் தசை மடல் இந்த ரகம். காறை எலும்புக்குக் கீழே, தோள் பக்கமிருந்து வருகிற ரத்தக் குழாயை அறுக்காமல், தசையைக் கீழிருந்து கிளப்பி, கழுத்துத் தோலுக்கு அடியில் சுரங்கம் போல வழி செய்து, வாய்க்குள் கொண்டுவந்து தைப்பார்கள். அமெரிக்காவின் ஸ்டீபன் ஆரியான் என்ற டாக்டர் 1979-இல் இதைத் தலை, கழுத்து ஆப்பரேஷன்களுக்கு உகந்த முறையாக எழுதி வெளியிட்டார். அதற்கு மைக்ராஸ்கோப் தேவையில்லை, நேரமும் குறைவு. இன்றைக்கும் உடல் பலவீனமானவர்களுக்கும், வேறு மடல் கெட்டுப் போனவர்களுக்கும் கைகொடுக்கிற முறை இது.

இரண்டாவது விதம், நாற்றைப் பிடுங்கி நடுவது மாதிரி. கை அல்லது தொடையிலிருந்து சதையை ரத்தக் குழாயோடு முழுதாக அறுத்து எடுத்து, வாயில் வைத்து, அந்தக் குழாயைக் கழுத்தில் உள்ள ரத்தக் குழாயோடு இணைத்துத் தைக்க வேண்டும். அந்தக் குழாயின் அகலம் பெரும்பாலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். தைக்கிற நூல் தலைமுடியைவிட மெல்லியது. மைக்ராஸ்கோப் வைத்துத்தான் தைக்க முடியும். எட்டு மணி, பத்து மணி, அதற்கு மேலும் ஆகலாம். ஒரு குழு வாயில் வேலை செய்யும்போதே இன்னொரு குழு கையிலோ தொடையிலோ வேலை செய்யும். தொடைச் சதையை இப்படி எடுக்கும் முறையைச் சீனாவின் சொங் என்ற டாக்டரின் குழு 1984-இல் எழுதியது. இன்று உலகம் முழுவதும் அதிகமாகச் செய்யப்படுகிற முறைகளில் இதுவும் ஒன்று.

பழக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் இப்படி நட்டது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவில் பிடித்துக்கொள்கிறது. பிடிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இணைத்த குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதுதான். அது முக்கியமாக முதல் இரண்டு மூன்று நாளில் நடக்கும். அதனால்தான் தாதிகள் மணிக்கொரு தரம் டார்ச் லைட் அடித்து வாய்க்குள் பார்ப்பார்கள். "ராத்திரி பூரா தூங்க விடலை" என்று அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மடல் வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, உடனே திரும்பவும் ஆப்பரேஷன் அறைக்குக் கொண்டுபோய் அடைப்பை எடுத்துக் காப்பாற்ற முடியும். சில மணி நேரம் தவறினால் போயிற்று.

நம் மக்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கோயிலில் மந்திரித்த கயிறு, தாயத்து என்று எதையும் அந்த நாட்களில் நோயாளியின் கழுத்தில் கட்டாதீர்கள். புது நாக்குக்கு ரத்தம் போகிற குழாய் கழுத்துத் தோலுக்கு அடியில்தான் ஓடுகிறது. அதை இறுக்குகிற எதுவும் ஆகாது. கயிற்றைத் தலையணைக்குக் கீழே வைத்தாலும் சாமி கோபித்துக்கொள்ளாது.

வேறொருவர் நாக்கை வைத்தால் என்ன?

சிலர் இப்படியும் கேட்கிறார்கள். செய்து பார்த்திருக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், இறந்தவர் ஒருவரின் நாக்கைப் புற்றுநோயாளி ஒருவருக்குப் பொருத்தினார்கள். ஆனால் பிறருடைய உறுப்பை உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். புற்றுநோய் திரும்பாமல் தடுப்பதற்குத் தேவைப்படுவதும் அதே எதிர்ப்புச் சக்திதான். அதனால் அது வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. தன் சதையை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

புது நாக்கு பேசுமா?

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வைத்துத் தைத்த சதை நாக்காக மாறிவிடாது. அதற்கு ருசி தெரியாது. அது தானாக அசையாது. சில டாக்டர்கள் அந்தத் தசையின் நரம்பை நாக்கு நரம்போடு இணைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதனால் தசை வற்றிப் போவது குறையலாம். ஆனால் பழைய நாக்கு போலச் சுருண்டு நெளிகிற அசைவு கிடைக்கவில்லை. நரம்புத் தொடர்பு இல்லாத தசை நாளாக ஆகச் சுருங்கும். அதனால்தான் முதலில் தேவைக்கு மேல் பெரிதாகவே வைக்கிறார்கள். ஆப்பரேஷன் முடிந்ததும், "வாயெல்லாம் அடைச்சாப்ல இருக்கே!" என்று பயப்பட வேண்டாம்.

அப்படியானால் எதற்கு வைக்க வேண்டும்? மிச்சமுள்ள நாக்குக்குத் துணை நிற்க. பள்ளத்தை மூட. எச்சிலும் உணவும் தேங்காமல் பின்னால் சரிந்து போக ஒரு சரிவு உண்டாக்க. குரல் அண்ணத்தில் பட்டுச் சொல்லாக மாற ஒரு மேடு உண்டாக்க. ஓட்டைப் படகில் பலகை வைத்து அடைப்பது போல. அந்தப் பலகை தானாகத் துடுப்புப் போடாது; ஆனால் அது இல்லாவிட்டால் படகு மிதக்காது.

பேச்சு வருவது, எவ்வளவு நாக்கு மிஞ்சியது என்பதைப் பொறுத்தது. நீங்களே இப்போது சோதித்துப் பாருங்கள். 'அம்மா' என்று சொல்லுங்கள். 'அப்பா' என்று சொல்லுங்கள். நாக்கு எங்கேயாவது போய்த் தொட்டதா? இல்லை. இரண்டும் உதட்டில் பிறக்கிற சொற்கள். ப, ம, வ ஆகிய எழுத்துகளுக்கு நாக்கின் நுனி தேவையில்லை. இப்போது 'தாத்தா' என்று சொல்லுங்கள். நுனி நாக்கு பல்லில் முட்டுகிறது. 'வண்டி' என்றால் நுனி மேலே வளைகிறது. 'பழம்' என்றால் இன்னும் பின்னால் மடிகிறது. க என்ற எழுத்துக்கு நாக்கின் பின்பகுதி வேண்டும்.

ஆகவே பாதி நாக்கு மிஞ்சியவர்களுக்குப் பெரும்பாலான எழுத்துகள் திரும்ப வரும். ழ, ள, ட, ர ஆகியவை கொஞ்சம் மழுங்கும். 'பழம்' என்பது 'பயம்' என்று கேட்கலாம். வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியும். பழகினால் வெளியாருக்கும் புரியும். நாக்கு முழுவதும் போனவர்களுக்குக் கஷ்டம் அதிகம். ஆனால் அவர்களும் ஊமை அல்ல. குரல் பிறப்பது நாக்கில் அல்ல, தொண்டையில் உள்ள குரல் நாணில். குரல்வளையை எடுக்காதவரை குரல் இருக்கும். பயிற்சி எடுத்துக்கொண்டு, புரியும்படி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பேச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கத் தனி நிபுணர்கள் உண்டு. அதோடு பல் டாக்டர் ஓர் உதவி செய்ய முடியும். புது நாக்கு அண்ணத்தை எட்டவில்லையென்றால், பல்செட் மாதிரி ஒரு தகடு செய்து அண்ணத்தில் மாட்டி, அண்ணத்தையே கீழே இறக்கிவிடுவார். நாக்கு மேலே போக முடியாவிட்டால் கூரையைக் கீழே கொண்டுவருகிற வித்தை. பேசுவதற்கும் விழுங்குவதற்கும் இது நல்ல துணை. இப்படி ஒன்று உண்டு என்று பலருக்குத் தெரியாது. கேட்டு வாங்குங்கள்.

ஆப்பரேஷனுக்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியவை

வெற்றிலை பாக்கு, புகையிலை, சிகரெட், பீடி எல்லாவற்றையும் அன்றைக்கே நிறுத்த வேண்டும். புகை ரத்தக் குழாயைச் சுருக்கும். நட்ட சதைக்கு ரத்தம் போகாது. இனிப்பு நீர் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

எந்தக் கையால் வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வழக்கமாகச் சோற்றுக் கையை விட்டுவிட்டு மற்றக் கையிலிருந்துதான் தோல் எடுப்பார்கள். ஆனால் பால் வெட்டுகிறவருக்கு இரண்டு கையும் வேண்டும். செம்பனைக் குலை அறுக்கிறவருக்கு இரண்டு தோளும் வேண்டும். உங்கள் வேலை என்ன என்று டாக்டருக்குத் தெரிந்தால், கையா, தொடையா, மார்பா என்று முடிவு செய்யும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார். மார்புத் தசை எடுத்தால் பெண்களுக்கு மார்பின் வடிவம் மாறும். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆப்பரேஷன் முடிந்து கண் விழிக்கும்போது மூக்கில் சாப்பாட்டுக் குழாய் இருக்கும். பெரிய ஆப்பரேஷனென்றால் கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக் குழாய் வைத்திருப்பார்கள். வாய் வீங்கி மூச்சு அடைக்காமல் இருக்கத்தான் அது. பெரும்பாலானோருக்கு வீக்கம் வடிந்ததும் எடுத்துவிடுவார்கள். ஆனால் அது இருக்கிற நாட்களில் குரல் வெளியே வராது. "பேச்சு போயிடுச்சே" என்று நோயாளியும் குடும்பமும் அழுகிற நேரம் அதுதான். அது தற்காலிகம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுக்கலாம். தெரியாத பெரியவர்களுக்கு வீட்டிலேயே சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு விரல் காட்டினால் வலி, இரண்டு விரல் என்றால் சளி எடுக்க வேண்டும், மூன்று என்றால் வெளிக்குப் போக வேண்டும் என்று. அதைத் தாதியிடமும் சொல்லி வையுங்கள். பாஷை தெரியாத வார்டில் படுத்திருக்கிற தாய்க்கு இது எவ்வளவு பெரிய தைரியம் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வாயில் தையல் ஆறுகிற வரை குழாய் வழியாகத்தான் ஆகாரம். பிறகு விழுங்கும் சோதனை செய்து பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வாய்வழி கொடுப்பார்கள். தண்ணீர்தானே சுலபம் என்று நாம் நினைப்போம். உண்மை அப்படியல்ல. தண்ணீர் சரசரவென்று ஓடி மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். கூழ் பதமாக இருப்பதே பலருக்குப் பத்திரம். குழையக் காய்ச்சிய கஞ்சி, மசித்த பருப்புச் சோறு, தோசை மாவு பதத்தில் அரைத்த காய்கறி, மீன் என்று கொடுக்கலாம். எது சரி என்று சோதித்தவர் சொன்னபடியே செய்யுங்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தலையை முன்னால் குனிவதா, ஒரு பக்கம் சாய்ப்பதா என்பதை நிபுணர் சொல்லிக் கொடுப்பார். ஆளுக்கு ஆள் அது மாறும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் தொண்டையில் நீர் தேங்கினாற்போலக் கரகரத்த குரல், பிறகு காய்ச்சல், இவை வந்தால் உணவு நுரையீரலுக்குள் போகிறது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாயை உப்புத் தண்ணீரால் அடிக்கடி கொப்பளித்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

மார்பிலோ கையிலோ முடி உள்ள ஆண்களுக்கு, புது நாக்கில் முடி முளைப்பதும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. டாக்டரிடம் காட்டினால் வழி சொல்வார்.

கழுத்து நெறி எடுத்தவர்களுக்குத் தோள் தொங்கி, கை தூக்க முடியாமல் போகலாம். தோள் பயிற்சியை விடாமல் செய்தால் நன்கு தேறும். வேலைக்குத் திரும்பும்போது குலை அறுப்பது, மூட்டை தூக்குவது கூடாது. கழுத்தில் ஓட்டை உள்ளவர்கள் மருந்து அடிக்கிற வேலைக்குப் போகவே கூடாது. இலகு வேலை வேண்டும் என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் நிர்வாகத்தின் காதில் ஏறாது.

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவருக்கு ஆண்டுக்கு அறுபது நாள் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இனி வேலை செய்யவே முடியாது என்ற நிலை வந்தால், அறுபது வயதுக்கு உட்பட்டவர்கள் சொக்சோவில் இயலாமை பென்சனுக்கு மனுச் செய்யலாம். சந்தா கட்டிய மாதக் கணக்கைப் பொறுத்து அது கிடைக்கும். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கவும் வழியிருக்கிறது. பாரம் நிரப்பத் தெரியவில்லையென்றால் வட்டாரச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். அதற்குத்தானே சங்கம்!

வெற்றிலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது

நம் நாட்டில் வாய்ப்புற்று அதிகமாகத் தாக்குவது இந்தியர்களையும், சபா, சரவாக் பூர்வ குடிமக்களையும்தான். இரண்டு சமூகத்துக்கும் பொதுவான பழக்கம் வெற்றிலை பாக்கு. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1985-இலேயே சொன்னது. "நான் போயிலை போடறதில்லை, வெறும் வெத்திலை பாக்குதான்" என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. புகையிலை இல்லாத வெற்றிலைக் கலவையும், பாக்கு தானாகவுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று அதே அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் கூறிவிட்டது. வெற்றிலையோடு சம்சு, பீர் குடிப்பதும் சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

கல்யாணத்துக்குத் தாம்பூலத் தட்டு வைப்பதை யாரும் தடுக்கவில்லை. தட்டில் இருக்கட்டும், கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு தூங்க வேண்டாம்.

இன்று இரவு விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். நாக்கை நீட்டி, இரண்டு ஓரத்தையும் அடியையும் பாருங்கள். வெள்ளைப் படலம், சிவப்புப் படலம், தடிப்பு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், காது வரை இழுக்கிற வலி, வாய் சரியாகத் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்றிருந்தாலும் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போங்கள். ஆரம்பத்தில் வலியே இருக்காது. வலிக்கவில்லை என்பதால் விட்டுவிடாதீர்கள். பல் மருத்துவக் குழு தோட்டத்துக்கு வாய்ப் பரிசோதனைக்கு வரும்போது, வேலை கெடும் என்று ஒளிந்துகொள்ளாதீர்கள்.

சகோதரிக்கு

அன்புச் சகோதரி, உங்கள் தாயார் முட்டாள்தனமாகப் பேசவில்லை. பேச்சை இழப்பது சாவைவிடக் கொடுமை என்று அவருக்குத் தோன்றுகிறது. அதை மதியுங்கள். ஆனால் ஆப்பரேஷன் வேண்டாம் என்று விட்டால் பேச்சு காப்பாற்றப்படும் என்று அவர் நினைப்பதுதான் தவறு. புற்று நிற்காது. அது நாக்கைக் கட்டிப் போடும், வாயைத் திறக்க விடாது, விழுங்க விடாது. அப்போதும் பேச்சு போகும்; அந்தப் பேச்சுக்குத் திரும்பி வரும் வழி இல்லை. ஆப்பரேஷனில் போகும் பேச்சு, முழுதாக இல்லாவிட்டாலும், திரும்ப வரும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது தாயாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நாலு கேள்வி கேளுங்கள். எவ்வளவு நாக்கு மிஞ்சும்? சதையை எங்கிருந்து எடுப்பீர்கள்? பேச்சுப் பயிற்சிக்கும் விழுங்கும் சோதனைக்கும் ஆள் இருக்கிறாரா? அண்ணத் தகடு கிடைக்குமா? பதிலைத் தமிழில் அவருக்குச் சொல்லுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும். ஆனால் பயத்தில் எடுக்காமல், விவரம் தெரிந்து எடுக்கட்டும். இதே ஆப்பரேஷன் செய்துகொண்டவர் யாரையாவது பார்த்துப் பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்று வார்டுத் தாதியையும் கேளுங்கள். நாம் ஆயிரம் எழுதுவதைவிட, அவர் நாலு வார்த்தை பேசிக் காட்டுவது மேல்.

கொடுத்த தேதியை மட்டும் தவற விடாதீர்கள். வண்டி வசதி இல்லையென்றால் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.